வரி திரும்பும் இடம்

சுருளைப் பிரித்து இரண்டு நாள் சும்மா கிடக்க விட்டோம்.
முதல் வேலை அதுதான், ஒன்றும் செய்யாதிருப்பது.
சைசல் நார் வெயில் மண்ணில் விளைந்தது.
லீத் துறைமுகத்து ஈரக்காற்றை அது கொஞ்சம் குடிக்கட்டும்,
உப்புவது உப்பட்டும், சுருங்குவது சுருங்கட்டும்,
அதற்குப் பிறகுதான் கத்தி.
அவசரப்பட்டு மார்ச்சில் ஒட்டியவன்
ஜூலையில் வந்து மன்னிப்புக் கேட்பான்.
நான் கேட்டிருக்கிறேன், இருமுறை.

மூன்றாம் மாடி. நூற்றுமுப்பது வயதுக் கல் கட்டடம்.
வாசலிலிருந்து நீளும் நடை, பதின்மூன்று மீட்டர் நாற்பது.
அதன் முடிவில் இரண்டு படி இறங்கினால் சமையலறை.
கடையில் அந்தத் தொகுப்பில் மிச்சமிருந்தது
பன்னிரண்டு நாற்பது.
ஒரு மீட்டர்.
ஒரே ஒரு மீட்டருக்கு
நானும் இன்னஸும் அரை மணி நேரம் தரையைப் பார்த்து நின்றோம்.

சுவர்களும் சொன்ன சொல் கேட்கவில்லை.
வாசலில் அகலம் ஒன்று பதினெட்டு,
படியருகே ஒன்று இருபத்தொன்று.
நேராய்க் கட்டிய வீட்டை நான் இதுவரை கண்டதில்லை.
நடுவில் நூல் கட்டி, வரியை நூலுக்கு ஒத்துப் பிடித்து,
கோணலையெல்லாம் சுவரடிப் பலகைக்குள் தள்ளினோம்.
அங்கே தூசியோடு அது சமாதானமாய் இருக்கும்.

இணைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
ஊடையின் பள்ளம் பார்த்துக் கத்தியை விட வேண்டும்,
ஒரு இழை தாண்டினாலும் விளிம்பு பல் இளிக்கும்.
வெட்டிய வாயில் ரப்பர்ப் பசை தடவிக் காயவிட வேண்டும்,
இல்லையென்றால் நார்நாராய் உதிர்ந்து
வீடு முழுக்க வைக்கோல்.
அடியில் நாடா. மேலே உருளை.
கடைசியில் கட்டைவிரல், அதற்கு மாற்றுக் கருவி இல்லை.
சரியாய் வந்தால்
எங்கே இணைத்தேன் என்று எனக்கே தெரியாது.
என் கர்வம் மொத்தமும் அந்தத் தெரியாமையில்தான்.

"எங்கே வரும் இணைப்பு?" என்றார் எல்ஸ்பெத் ரென்னி.
இருபத்தாறு வருடம் பேருந்து ஓட்டியவர்,
போன இலையுதிர்காலத்தில்
உரிமத்தை உறையிலிட்டுத் திருப்பி அனுப்பியவர்.
"வரவேற்பறைக் கதவு நிழலில்.
யாருக்கும் தெரியாது" என்றேன், பெருமையோடு.

"எனக்குத் தெரிய வேண்டும்."

படிக்கு ஒரு மீட்டர் முன்னால் போடச் சொன்னார்.
போட்டால் போதாது,
அந்தக் கடைசித் துண்டைத் திருப்பி வைக்கச் சொன்னார்,
வரி குறுக்கே ஓட.
நான் சொன்னேன்: வெளிச்சம் காட்டிக் கொடுக்கும்.
ஒரே நார்தான், ஆனால் இரண்டு நிறமாய்த் தெரியும்.
அறியாதவன் போட்ட கம்பளம் என்பார்கள்.
பார்க்கச் சகிக்காது.

"பார்க்கப் போவது நானில்லையே" என்றார்.
இன்னஸ் சிரித்தான்.
பாதியில் நிறுத்தினான்.

திருப்பினேன்.
முப்பது வருடத்தில் தெரிந்தே செய்த முதல் தப்பை
வேறெதையும்விடச் சுத்தமாய்ச் செய்தேன்.
நெடுக்கு வரி வந்து குறுக்கு வரியில் முட்டும் இடத்தில்
கட்டைவிரலை வைத்து அழுத்தி
பசை பிடிக்கும்வரை எடுக்கவில்லை.
வெளியே மழை. வானொலியில் யாரோ கோல் வாங்கினார்கள்.

மறுநாள் காலையில்
காலுறையைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றார்.
சுவரைத் தொடவில்லை.
நெடுக்கு வரி உள்ளங்காலோடு வழுக்கிக்கொண்டே போக
நேராக நடந்தார், சற்று வேகமாகக்கூட.
நான் மூச்சை விட மறந்தேன்.
வரி திரும்பியது.
கால் நின்றது.
விரல்கள் ஒருமுறை முன்னே போய்
குறுக்கு முகடுகளை எண்ணுவதுபோல் வருடிப் பின்வந்தன.
"நிறுத்தம்" என்றார்,
எங்களிடம் இல்லை,
பின்னிருக்கைவரை கேட்கும் குரலில்.
அப்புறம் இரண்டு படியும் இறங்கி
கெட்டிலைத் தட்டினார்.

சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது
எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்,
ஓய்வுபெற்ற அளவையாளராம்.
நடையை ஒரு கண் மூடி நோட்டமிட்டு,
"அந்தக் கடைசித் துண்டைத் தப்பாக வைத்துவிட்டீர்களே, ஐயா."

வாயில் இரண்டு ஆணி இருந்தது.
எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன்.
"ஆமாம்" என்றேன்.